வந்திறங்கியவரின் முதல் கூரை: பாகான் டத்தோ லயத்திலிருந்து கோலாலம்பூர் கொண்டோ வரை

அந்நிய நகரம் ஒன்றில் வந்திறங்கும் மனிதருக்கு வேலை, உறவு, மொழி ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேவைப்படுவது அன்றிரவு தலைசாய்க்க ஓர் இடமே ஆகும். அந்த இடத்தை அவர் பெரும்பாலும் நேரில் பார்க்காமலும், ஊரின் விலைநிலவரமோ வழக்கமோ தெரியாமலும், பயணக் களைப்பில் பேரம் பேசத் தெம்பில்லாத வேளையிலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால், இடம் தருபவருக்கும் இடம் தேடுபவருக்கும் இடையிலான தராசு தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இன்றைய மலேசியாவில் இந்தத் தேவையைப் பெருமளவில் நிறைவேற்றுவது கொண்டோமினியம் எனப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பு. பேச்சு வழக்கில் சுருக்கமாகக் கொண்டோ. நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ ஒரு முழு வீட்டை, கட்டில் மெத்தை, சமையல் பாத்திரம், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு எடுத்துக்கொள்ளும் இந்த முறை புதியது. ஆனால், அதில் தங்குபவரின் சட்டநிலை புதியதன்று. பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டங்களிலும் ரப்பர் தோட்டங்களிலும் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வந்திறங்கிய தமிழரின் நிலையோடு அது எதிர்பாராத அளவுக்கு ஒத்துப்போகிறது.

பாகான் டத்தோ பேராக் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த சிற்றூர். முன்பு கீழ்ப்பேராக் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்து, 2017இல் தனி மாவட்டமாகப் பிரகடனம் பெற்ற இவ்வட்டாரம், மலேசியாவின் முதன்மையான தென்னைப் பகுதி என்று பெயர் பெற்றது. ஊத்தான் மெலிந்தாங், சிலிக்கோ, ருங்கூப், சுங்கை சுமூன் என நீளும் அதன் சாலைகளில் இன்று பயணம் செய்வோர், பிளமிங்டன், சப்ராங், கோல பெர்ணம் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணலாம். தோட்டங்களின் எல்லைகளும் உரிமையாளர்களும் பயிர்களும் பலமுறை மாறிய பின்னும் அப்பெயர்களைப் பள்ளிகள் காத்து நிற்கின்றன என்பது, இவ்வட்டாரத்துத் தமிழரின் வாழ்வு தோட்டத்தோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதைக் காட்டும்.

இத்தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளி, இன்றைய பயணியைப் போல, தானே தங்குமிடம் தேடிக்கொண்டவர் அல்லர். நாகப்பட்டினத்திலும், பின்னர் சென்னையை அடுத்த ஆவடியிலும் இயங்கிய டிப்போக்களில், அதாவது கப்பலேறுவோரைத் திரட்டி மருத்துவச் சோதனை செய்து தங்கவைத்த முகாம்களில், அவருடைய முதல் தற்காலிகத் தங்கல் தொடங்கியது. வங்கக் கடலைக் கடந்து பினாங்கை அடைந்ததும் நகருக்குள் நுழைய அவருக்கு உடனே அனுமதி கிடைக்கவில்லை. அம்மையும் காலராவும் பரவாமல் தடுக்கும் நோக்கில், பினாங்குத் தீவை ஒட்டிய ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் சில நாள் அவர் அடைத்துவைக்கப்பட்டார். தெற்கே போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், இத்தகைய முகாம் ஒன்று இருந்தது. அதன்பின் பினாங்கிலிருந்து கரையோரமாகச் செல்லும் சிறு நீராவிக் கப்பலில் பேராக் ஆற்றுக்குள் நுழைந்து, அக்காலத்தில் தெலுக் ஆன்சன் என்று அழைக்கப்பட்ட தெலுக் இந்தானில் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்குப் படகிலோ மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ சென்றடைவது பலருக்கு வழியாக இருந்தது. பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குக் கூரை கிடைத்தது. எந்தக் கட்டத்திலும் அதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது லயம். வரிசை என்று பொருள்படும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழரின் நாவில் லயன் என்றும் லயம் என்றும் உருமாறியது. ஒரே நீண்ட கூரையின் கீழ், பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகள் அடுத்தடுத்து நிற்க, முன்னால் ஒரு குறுகிய வராந்தா, அதில் அடுப்பு, வெளியே பொதுக் குழாய், தொலைவில் பொதுக் கழிப்பிடம் என்பதே அதன் பொதுவான அமைப்பு. குடும்பமாக வந்தவர்களும் தனியாட்களும் ஒரே வரிசையில் இருந்தனர். பக்கத்து அறையின் இருமல்கூட இந்தப் பக்கம் கேட்கும். 1906இல் டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்ட்ராத்தா ரப்பர் கம்பெனி, பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்று வளர்ந்த நிறுவனம், தெலுக் இந்தானுக்கும் ஊத்தான் மெலிந்தாங்குக்கும் அண்மையில் வேரூன்றியது. இவ்வாறு ஐரோப்பிய முதலீட்டில் எழுந்த தோட்டங்கள் பலவும் தொழிலாளருக்கு வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றைத் தாமே வழங்க வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டங்கள் வகுத்திருந்தன.

இலவச வீடு என்பது மேலோட்டமாகப் பார்த்தால் பெரும் சலுகை. 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட உரிமையாளர்களிடம் ஆள்கணக்கில் வரி திரட்டிக் கப்பற்செலவை ஏற்றுக்கொண்டதனால், தொழிலாளி பயணக்கடன் இன்றித் தரையிறங்க வழி பிறந்தது; 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டதனால், ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த மேற்பார்வையாளரான கங்காணி வழி வந்தவர் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விட்டு விலகும் உரிமையும் ஏட்டளவில் பெற்றார். ஆயினும் வேலையை விட்டவருக்கு வீடும் இல்லாமற்போகும் என்ற ஒரே காரணத்தால் அந்த உரிமை பாதி ஊனமானதாகவே இருந்தது. கூலி குறைவு என்று முறையிட எழுபவர், அன்றிரவு மனைவியும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்று முதலில் எண்ண வேண்டியிருந்தது. இதைத் தோட்ட வாழ்வின் நுட்பமான கட்டு என்றே சொல்ல வேண்டும். விலங்கும் பூட்டும் இல்லாமலேயே ஆளை நிறுத்திவைக்கக் கூரை ஒன்று போதுமானதாக இருந்தது.

அதே கடலைக் கடந்து, அதே காலத்தில், அதே துறைமுகத்தில் இறங்கிய வேறொரு தமிழருக்கு முற்றிலும் வேறான தங்குமிடம் காத்திருந்தது. செட்டிநாட்டிலிருந்து பணியாளராகவும் முகவராகவும் வந்த நகரத்தார் இளைஞர், பினாங்கு ஸ்திரீட்டிலோ, சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டிலோ, கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலோ இருந்த கிட்டங்கிக்கு நேராகச் சென்றார். கிடங்கு என்ற சொல்லோடு உறவுடைய கிட்டங்கி என்பது, ஒரு நீண்ட கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பல வட்டிக்கடைகள் தத்தமக்கு ஒரு பெட்டகமும் சாய்வுமேசையும் விரிப்பும் மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நடத்திய பொது இடம் ஆகும். பகலில் கணக்கு எழுதிய தளத்திலும் மாடியிலும் இரவில் பாய் விரித்து உறங்கினர், சமையலுக்குப் பொது ஆள் இருந்தார், செலவு பங்கிடப்பட்டது. பொதுவாக மூன்றாண்டு தவணைக்கு வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்பும் வழக்கமுடைய அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குறுகியகாலத் தங்கல் வேறு இருந்திருக்க முடியாது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிப்பது தகும். நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது தொழில் நிறுவனத்தைக் குறிக்கும் தலைப்பெழுத்துகளின் வரிசை. பொது வழக்கில் அதுவே முகவரி. கடல் கடந்த நகரத்தார் இளைஞர் இறங்கும்போதே ஒரு விலாசத்தோடு இறங்கினார். அவருக்குப் பொறுப்பேற்க ஒரு கடையும், இளைப்பாற ஒரு கோவிலும் இருந்தன. பினாங்கில் தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு இன்றும் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ளது. பாகான் டத்தோவுக்கு அண்மை நகரமான தெலுக் இந்தானில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில் சித்ரா பௌர்ணமிக்குப் பெயர்போனது. லயத்துக்கு வந்தவருக்கோ தோட்டத்தின் பெயரே முகவரி. தோட்டம் கைவிட்டால் முகவரியும் போயிற்று. இரண்டு இடங்களும் நெரிசல் மிக்கவை, வசதி குறைந்தவை, பிறரோடு பகிர்ந்துகொள்ளப்பட்டவை. வேறுபாடு அறையின் அளவில் இல்லை; அங்கே தங்குவதற்கு அடிப்படையாக இருந்த உறவில்தான் இருந்தது.

அந்த உறவைச் சட்டம் இரண்டு பெயர்களால் பிரிக்கிறது, இன்று கொண்டோ தேடுபவர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்பாடமும் இதுவே. ஒன்று குடிவாடகை. வீட்டின் தனித்த கைவசம், அதாவது உரிமையாளர் உட்பட எவரையும் அனுமதியின்றி உள்ளே வரவிடாமல் தடுக்கும் அதிகாரம், குறித்த காலத்துக்கு வாடகைதாரரிடம் ஒப்படைக்கப்படுவது அதன் இலக்கணம். மற்றொன்று இசைவு. இடத்தில் இருக்க ஒருவருக்கு அனுமதி மட்டுமே தரப்படுகிறது. இடத்தின் மீது அவருக்கு உரிமை எதுவும் பிறப்பதில்லை. விடுதியில் தங்குபவர் இசைவு பெற்றவர், விருந்தினரும் அப்படியே. வேலையை ஒட்டி வீடு பெற்ற தோட்டத் தொழிலாளியும், தலைமுறைகள் கடந்து அதே லயத்தில் வாழ்ந்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பொதுவாக இந்த இரண்டாம் வகையிலேயே வைக்கப்பட்டார். 1950களிலும் 1960களிலும் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேற, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். துண்டாடலைத் தடுக்கத் தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கும் நோக்கில், பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் பின்னணி இதுவே. அந்த முயற்சி சென்றடையாத குடும்பங்கள் நகரங்களின் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து பின்னாளில் அரசு அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தன.

இந்த வரலாற்றின் வழிவந்த பாகான் டத்தோ இளைஞர் இன்று படிப்புக்கோ வேலைக்கோ கோலாலம்பூர் செல்கிறார். தமிழகத்திலிருந்து முன்னோரின் தோட்டத்தைக் காண வருபவர் முதல் வாரத்தைத் தலைநகரில் கழிக்கிறார். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பணிமாற்றம் பெற்று வருபவர் நிலையான வீடு அமையும் வரை ஓரிரு மாதங்களுக்கு இடம் தேடுகிறார். மூவருக்கும் கைப்பேசியின் திரையில் ஒரே கொண்டோக்கள் காட்சியளிக்கின்றன. 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி போன்ற தளங்களும், தினவாடகை வீடு எதையும் 'ஓம்ஸ்தே' என்று அழைத்துவிடும் மலேசிய வழக்கமும் சேர்ந்து, இந்தத் தேடலை எளிதாகவும் குழப்பமாகவும் ஆக்கியுள்ளன. ஓம்ஸ்தே என்பது உண்மையில் சுற்றுலா அமைச்சின் திட்டமாக 1995இல் பகாங் மாநிலத்தின் டேசா மூர்னியில் தொடங்கியது. கிராமத்துக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்கி அவர்களோடு உண்பதே அதன் பொருள். விருந்தோம்புபவர் முகத்தையே காணாமல், கதவெண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு தங்கும் கொண்டோவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை.

கொண்டோவின் உரிமை அமைப்பைப் புரிந்துகொண்டால் அங்கே எழும் சிக்கல்கள் பலவும் விளங்கிவிடும். நிலத்தின் மேல் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டா வழங்கும் முறைக்கு ஸ்ட்ராட்டா உரிமை என்று பெயர். ஒரு வீட்டை வாங்கியவர் அதன் நான்கு சுவர்களுக்குள் உரிமையாளர். மின்தூக்கி, நீச்சல் குளம், வாகன நிறுத்துமிடம், நடைபாதை ஆகியவை எல்லா உரிமையாளருக்கும் பொது. அந்தப் பொதுச்சொத்தைப் பேணி, பராமரிப்புக் கட்டணம் திரட்டி, உள்விதிகள் வகுப்பது உரிமையாளர்களே உறுப்பினராக உள்ள நிர்வாகக் கழகம். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் இதற்கு அடிப்படை. ஆகவே கொண்டோவில் தங்க வருபவர் ஒருவரோடு மட்டும் உடன்படிக்கை செய்துகொள்வதாக நினைத்தாலும், உண்மையில் இரண்டு அதிகாரங்களுக்கு உட்படுகிறார். வீட்டுக்காரர் தந்த சாவி வீட்டைத் திறக்கும். வாசல் தடுப்பையும் மின்தூக்கியையும் இயக்கும் அட்டை நிர்வாகக் கழகத்தின் அதிகாரத்தில் இருக்கிறது.

இந்த இரு அதிகாரங்களும் மோதும்போது எது மேலோங்கும் என்ற கேள்விக்கு மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2020 அக்டோபரில் விடை தந்தது. கோலாலம்பூரின் மோண்ட் கியாரா பகுதியில் உள்ள வெர்வ் சூட்ஸ் என்ற அடுக்குமாடியில், உரிமையாளர் சிலர் தம் வீடுகளை இணையத்தளங்கள் வழியாக நாள்வாடகைக்கு விட்டுவந்தனர். நாள்தோறும் புதுப்புது முகங்கள் வந்துபோவதால் பாதுகாப்பும் அமைதியும் கெடுகின்றன என்று கருதிய நிர்வாகக் கழகம், குறுகியகால வாடகையைத் தடைசெய்யும் உள்விதியை நிறைவேற்றி, மீறியோருக்கு அபராதம் விதித்தது. வழக்கு உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றைக் கடந்து கூட்டரசு நீதிமன்றம் வந்தது. தம் சொத்தை வாடகைக்கு விடும் உரிமையை உள்விதி எதுவும் பறிக்கலாகாது என்று சட்டத்திலேயே காப்பு உண்டு என்பது உரிமையாளர்களின் வாதம். நிலம் வணிகப் பயன்பாட்டுக்குரியது என்பதையும் அவர்கள் சுட்டினர். நீதிமன்றம் அவ்வாதங்களை ஏற்கவில்லை. இத்தகைய நாள்வாடகை குடிவாடகையே அன்று, இசைவு மட்டுமே. சட்டம் காப்பது நிலத்தின் மீதான உரிமையைக் கைமாற்றுவதை, இசைவு தருவதை அன்று. ஆகவே நிர்வாகக் கழகம் அதைத் தடைசெய்யலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

உரிமையாளருக்கும் கழகத்துக்கும் இடையில் நடந்த வழக்கு என்பதால், அங்கே தங்கிய பயணிக்கு அந்தத் தீர்ப்பில் என்ன பொருள் என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பொருள் பெரியது. தளத்தில் பணம் கட்டி, உறுதிச்செய்தி பெற்று, நள்ளிரவில் பெட்டியோடு வந்து நிற்பவரிடம் காவலாளி இந்தக் கட்டடத்தில் நாள்வாடகைக்கு அனுமதி இல்லை என்று சொன்னால், அவர் கையில் நிலத்தின் மீதான உரிமை எதுவும் இல்லை. அவருக்கு எஞ்சுவது தளத்திடமோ வீட்டுக்காரரிடமோ பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி மட்டுமே. குடிவாடகைக்காரரின் நிலை இதனின் வேறு. குடிவாடகைக் காலம் முடிந்த பின்னும் வெளியேறாதவரைக்கூட நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்றலாகாது என்று 1950ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. பூட்டை மாற்றுவதும் பெட்டிகளை வாசலில் வைப்பதும் அவருக்கு உரிய வழிகள் அல்ல. இந்தப் பாதுகாப்பு லயத்துத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை, வார வாடகைக்கு வந்தவருக்கும் கிடைப்பதில்லை. கூலியோடு சேர்ந்து வந்த கூரையும் கடனட்டை வழி வந்த கூரையும் சட்டத்தின் ஒரே அறைக்குள் வைக்கப்படுவது, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் வியப்பைத் தரும். இருவரின் வறுமையும் வசதியும் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பதும் உண்மையே. ஆனால் அந்நிய ஊரில் கதவு மூடப்படும் அந்த ஒரு கணத்தில் இங்கே இருக்க எனக்கு உரிமை உண்டா என்று இருவருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான், இல்லை என்று அதற்குச் சட்டம் தரும் விடையும் ஒன்றுதான்.

இதை அறிந்தவர் தேடலை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வந்திறங்கும் முதல் ஓரிரு வாரங்களுக்கு, குறுகியகாலத் தங்கலை வெளிப்படையாக அனுமதிக்கும் கட்டடத்தில் மட்டும் இடம் எடுப்பது முதற்கட்டம். மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டார் இணையவழி நிரப்பும் வருகைப் பதிவில் தங்குமிட முகவரியைக் கேட்பதனால், இந்த முகவரி விமானம் ஏறும் முன்பே கைவசம் இருக்க வேண்டும். விசா இன்றி முப்பது நாள் தங்க இந்தியக் குடிமக்களுக்குத் தற்போது வழங்கப்பட்டுள்ள சலுகையில் வருவோருக்கு இக்கட்டத்தோடு தேவை முடிந்துவிடும். முன்பதிவுக்கு முன் வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது, பின்னால் நேரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும்: இந்தக் கட்டடத்தின் நிர்வாகக் கழகம் நாள்வாடகையை அனுமதிக்கிறதா, பதிவு மேசையில் விருந்தினரின் பெயரை யார் கொடுப்பார்? இவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால், அல்லது காவலாளி கேட்டால் நண்பர் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லும்படி அறிவுரை வந்தால், அந்த வீட்டை விட்டுவிடுவதே அறிவுடைமை. பொய் சொல்லி நுழைய வேண்டிய வீட்டில் நிம்மதியாக உறங்க இயலாது. வெளிநாட்டுப் பயணியர் அறை ஒன்றுக்கு இரவு ஒன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி செலுத்த வேண்டும் என்பது 2017 செப்டம்பர் முதல் நடைமுறை. 2023 தொடக்கத்திலிருந்து இணையத்தளங்கள் வழி எடுக்கும் தங்கலுக்கும் அது பொருந்துகிறது. ஆகவே ரசீதில் அந்த வரி இருப்பதைக் கண்டு மிரளத் தேவையில்லை.

சில மாதங்களோ அதற்கு மேலோ தங்க நினைப்பவர், முதற்கட்டத்தில் கிடைத்த அந்த இரண்டு வாரங்களில் வீடுகளை நேரில் சென்று பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் தண்ணீர் அழுத்தமும் படத்தில் தெரிவதில்லை. அடுத்த தெருவில் காலைக்கடை உண்டா, ரயில் நிலையத்துக்கு மழையில் நடந்துபோக முடியுமா என்பதும் தெரியாது. பிரிக்பீல்ட்சும் செந்தூலும் தமிழருக்குப் பழகிய பகுதிகள் என்பதால் முதலில் அங்கே போவோர் பலர். உறவினர் வீட்டில் சில நாள் தங்கி வீடு பார்ப்பது பாகான் டத்தோ பிள்ளைகளுக்கு இன்றும் வழக்கமான வழி. கிட்டங்கியின் நற்பண்பு, யாரோ ஒருவர் பொறுப்பேற்பது, அந்த வழக்கத்தில் உயிரோடு இருக்கிறது எனலாம்.

இரண்டாம் கட்டத்தில் கைமாறும் பணம் கணிசமானது. மலேசிய வழக்கப்படி ஒரு மாத முன்வாடகையோடு, வழக்கமாக இரண்டு மாத வாடகைக்கு நிகரான பாதுகாப்பு வைப்புத்தொகையும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ ஈடான வைப்புத்தொகையும் கேட்கப்படும். தங்கும் காலம் குறைவானால் இதைக் குறைத்துப் பேசலாம். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச்சட்டம் இல்லாத நிலையில், வைப்புத்தொகை எப்போது, எந்தக் கழிவோடு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது உடன்படிக்கை ஒன்றே. அதனால் அந்தத் தாள் இன்றியமையாதது. மூன்றாண்டுக்கு மேற்படாத குடிவாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் முத்திரை வரி செலுத்தப்படாத உடன்படிக்கையை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை என்பதால், சில ரிங்கிட்டை மிச்சப்படுத்த முத்திரையைத் தவிர்ப்பது பின்னால் ஆயிரங்களை இழக்கச் செய்யும். வீட்டில் நுழையும் நாளிலேயே சுவர், குளிர்சாதனம், மெத்தை, குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவைத்தவர், வெளியேறும் நாளில் யார் கீறினார் என்ற வழக்கில் சிக்குவதில்லை. சிக்கினாலும் ஐயாயிரம் ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கை நடைமுறையில் எழுப்பலாம்.

பணத்தை யாரிடம் கொடுப்பது என்பது தனிக் கவனத்துக்கு உரியது, ஏனெனில் புதிதாக வந்தவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மலேசியாவில் வீட்டு முகவர் தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு வாரியத்தால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. பதிவுபெற்ற முகவரின் நிறுவனத்தில் பணிபுரியும் பேரம் பேசுநர்கள் எண் பொறித்த சிவப்பு அடையாள அட்டை அணிவர். அந்த எண்ணை வாரியத்தின் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். வைப்புத்தொகை தனியாளின் வங்கிக் கணக்குக்குப் போகாமல் நிறுவனத்தின் கணக்குக்கோ உரிமையாளரின் கணக்குக்கோ போக வேண்டும். உரிமையாளரின் பெயர் உண்மையா என்பதைப் பராமரிப்புக் கட்டண ரசீதைக் கேட்டோ, நில அலுவலகத்தில் சிறு கட்டணத்தில் பட்டாத் தேடல் செய்தோ அறியலாம். வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கட்டச் சொல்பவர், வேறு ஊரில் இருப்பதாகச் சொல்லிச் சாவியை அஞ்சலில் அனுப்புவதாக உறுதி தருபவர், சந்தை விலையில் பாதிக்கு வீடு தருபவர் ஆகியோரிடமிருந்து எந்தத் தாளும் காப்பாற்றாது. நடுவில் ஒருவர் பல வீடுகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்து மீண்டும் விடும் ஏற்பாட்டில், மறுவாடகைக்கு உரிமையாளர் இசைந்த கடிதத்தைப் பார்க்காமல் ஒப்பமிடுவதும் ஆபத்தே.

பேராக்கிலிருந்து வேலைக்குச் சிங்கப்பூர் செல்லும் இளைஞருக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. அங்கே தனியார் குடியிருப்பைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே சட்டமீறல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் குறைந்த அளவு ஆறு மாதம். ஆகவே அந்நகரில் வார வாடகைக்குக் கொண்டோ தருவதாக வரும் விளம்பரம் தன்னளவிலேயே எச்சரிக்கை. முதல் சில நாளை விடுதியிலோ, உரிமம் பெற்ற சேவைக் குடியிருப்பிலோ, நண்பர் அறையிலோ கழித்துவிட்டு, பிறகு ஆறு மாத அறைக்கு ஒப்பமிடுவதே அங்கு நேரான வழி. முழுக் கழக வீட்டை வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டாருக்கு விதிக்கப்படும் வட்டார ஒதுக்கீட்டு வரம்பு மலேசியருக்குப் பொருந்தாது என்பது ஒரு வசதி.

பாகான் டத்தோவின் தோட்டங்களிலோ வந்திறங்குவோர் இன்றும் நின்றபாடில்லை. இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வை 1938இல் தடைசெய்ததோடு தமிழகத்திலிருந்து வந்த அந்தப் பெரிய அலை ஓய்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். எண்ணெய்ப்பனை பரவிய தோட்டங்களுக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புதிய தொழிலாளர் வந்தனர். அவர்களும் தம் முதல் கூரையைத் தேர்ந்தெடுப்பதில்லை. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டங்களைத் தாண்டி எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. தொழிலாளரைத் தங்கவைக்கும் முதலாளி, அந்த இடத்துக்குத் தொழிலாளர் துறையின் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்றும், பொதுத் துயிலறையில் ஆள் ஒருவருக்குக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் இடம் வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைத்தபின் கால் நீட்ட மிஞ்சும் அந்த இடம், வேலை இருக்கும் வரை அவருடையது.